மோட்டர் காவல் பெட்டிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் தோட்டக்காரருக்கும், பட்டறைக்காரருக்கும், வழிகாட்டிய மற்ற அனைவருக்கும் வணக்கம்.

கிணறு வற்றியதும் இறைக்கிற மோட்டரைத் தானாக நிறுத்தும் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு எஞ்சினியரின் கொப்பியில் கிடந்த படம் கடைத் தட்டுக்கு வந்ததில் உங்கள் ஒவ்வொருவருக்கும் என்ன பங்கு என்று எழுதி வைக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆதலால் வேலையைச் சொல்கிறோம்.

முதல் நன்றி மோட்டர் வைண்டிங் கட்டும் அண்ணைக்கு. கிணறு வற்றியதை மோட்டர் எடுக்கும் கரண்ட்டை வைத்து மட்டும் அறியப் பார்த்தோம். "கரண்ட்டை மட்டும் நம்பாதேங்கோ" என்று அவர் சொல்லியிராவிட்டால் இந்தப் பெட்டி பொய்ப் பெட்டியாகவே இருந்திருக்கும். தண்ணீர் இழுக்கும்போது 5 அம்பியர் எடுக்கும் 1 குதிரைவலு மோட்டர், வெறுமனே ஓடும்போதும் 4 அம்பியர் வரை எடுக்கும். அது காந்தப்புலத்துக்கே போகிற கரண்ட். பின்னேரங்களில் வோல்ற்றளவு 200க்குக் கீழே இறங்கினால் இந்த வித்தியாசமும் கலங்கிப்போகும். வலுவை அளந்தால் கதை வேறு: 1,000 வாற் அளவில் நின்றது 500 அளவுக்கு விழும். அதனால் இப்போது கரண்ட், வோல்ற்றளவு இரண்டையும் சேர்த்து அளந்து வலுவைக் கணக்கிடுகிறோம். தண்ணீர் நன்றாக வரும்போது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பெட்டி அந்த அளவை நினைவில் வைக்கும். வலு அதன் 70 சதவீதத்துக்குக் கீழே 8 செக்கன் நின்றால் மோட்டர் நிற்கும்.

பழுதான சீல்களை (மோட்டர் அச்சோரம் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகங்களை) சேர்த்து வைத்துத் தந்தவரும் அவரே. கரியும் செராமிக்கும் உரசும் அந்த முகங்களை நீர்ப்படலம்தான் காக்கிறது. அது இல்லாமல் ஓடினால் சூட்டில் வெடித்துவிடும், பக்கத்துப் பிவிசி குழாயும் இளகும்.

புட்வால் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) கசியும் கிணறுகளைக் காட்டித் தந்த தோட்டக்கார ஐயாமாருக்கு அடுத்த நன்றி. மோட்டர் தொடங்கியதும் தண்ணீர் ஏறும்வரை பெட்டி பொறுக்கும் நேரத்தை முதலில் 20 செக்கனாகத்தான் வைத்திருந்தோம். குழாயில் காற்று நிற்கும் கிணற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் பெட்டி நிறுத்திவிடும். இப்போது 60 செக்கன். கிணறு ஊறும் நேரமும் ஊருக்கு ஊர் வேறு என்று நீங்கள் சொன்னதால், மறுபடி தொடங்கும் இடைவெளியை 10 முதல் 120 நிமிடம் வரை திருப்பி வைக்கக் குமிழ் போட்டோம்.

இறைப்பை இடையிடையே நிறுத்துவதன் பெறுமதியை விளக்கியவர் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கணக்கின்படி கீழே 40 மீற்றர் வரை உப்பை அமர்த்தி வைக்கும். மேலே நன்னீர் மட்டம் இறங்க இறங்க, கீழே உப்பு நீர் ஏறும். நிலாவரைக் கிணற்றின் ஆழத்து நீர் உப்பாக இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். நாங்கள் லான்ட்மாஸ்ரர் என்று சொல்லும் இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்த றே விஜேவர்தன (1924–2010), பிற்காலத்தில் உழவே தேவையா என்று தன் இயந்திரத்தையே கேள்வி கேட்டவர் என்பதையும் அவரிடம்தான் அறிந்தோம். மண்ணைக் கேட்காமல் இயந்திரம் செய்யக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் காட்ட முடியாது.

றிலே (மின்னால் இயங்கும் சிறிய ஆளி) ஒட்டிக்கொண்ட பெட்டிகளைக் கோபப்படாமல் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்குத் தனி நன்றி. தொடங்கும்போது மோட்டர் 25, 30 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் றிலேயின் முனைகள் உருகி ஒட்டும். பெட்டி நிறுத்தியதாகக் காட்டும், மோட்டரோ ஓடிக்கொண்டிருக்கும். இப்போது றிலே கொண்டாக்டரை (பெரிய கரண்ட்டைத் தாங்கும் ஆளியை) இயக்குகிறது, கொண்டாக்டர் மோட்டரை இயக்குகிறது. றிலே முனைகளுக்குக் குறுக்கே இருந்த ஸ்னபரையும் (தீப்பொறியை அடக்கும் கொண்டென்சர் இணைப்பையும்) கொண்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே மாற்றினோம். 0.1 மைக்ரோபரட் வழியே கசியும் 7 மில்லி அம்பியர் சிறிய சுருளை இரைய வைத்தது, சிலவேளை விடவும் மறுத்தது.

எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் போகும் என்று எச்சரித்த வயரிங் தம்பிக்கும் நன்றி. கேபிள் இப்போது கீழ்ப்பக்கத்தால் மட்டும், இறுக்கமான றப்பர் வழியாகவே நுழைகிறது.

கண்காட்சிக்குக் கொண்டுபோகமுன் ஆக்கவுரிமைக்கு (பேட்டன்டுக்கு) விண்ணப்பியுங்கள் என்று தடுத்த சட்டத்தரணி அக்காவுக்கு நன்றி. "மோட்டரைக் காக்கும் கருவி" என்ற எங்கள் முதல் உரிமைக்கோரல் உலகில் ஏற்கனவே இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டது. அவர் அதை வலுவை நினைவில் வைக்கும் முறைக்குச் சுருக்கினார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமைக் காலம் 20 ஆண்டுகள். ஆண்டுக் கட்டணத்தை மறந்தால் இடையிலேயே போய்விடும்.

கணக்குப் பார்த்த அக்கா 2022ஐ நினைவூட்டினார். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதனால் எங்கள் விலைக்குறிப்பு 14 நாளுக்கு மட்டும் செல்லும். 20 பெட்டிக்கு ஒன்று திரும்பி வரும் என்று விலையிலேயே சேர்த்திருக்கிறோம்.

இலக்கம் 1 முதல் 50 வரையான பெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள். கொண்டாக்டரும் ஸ்னபரும் இலவசமாக மாற்றித் தருவோம். வரும்போது மோட்டரின் பெயர்த்தகட்டையும் ஒரு படம் பிடித்து வாருங்கள்.

அன்புடன்,
பட்டறையில் வேலை செய்யும் எல்லோரும்
யாழ்ப்பாணம்