வரைவை எங்களுக்கும் காட்டியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் நம் பகுதி வைத்தியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் தலைப்புக்குக் கீழே வரும் பெயர்கள் எப்படி அங்கே வந்து சேர்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வுகூடத்திலேயே முப்பது வருடம் போனவள் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கம் சீனி வருத்தம் பற்றிய ஓர் ஆய்வில் வேலை செய்தேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். கரைவலைக்குப் போகிறவர்கள் விடியமுன்னமே எழும்பிவிடுவார்கள். நாங்கள் ஐந்தரைக்குப் போய் நின்றால், "பிளேன்ரீ ஒண்டு குடிச்சிட்டனே பிள்ளை" என்பார்கள். சீனி போட்டதா என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அப்புறம் என்ன, இன்னொரு நாள் போக வேண்டியதுதான். தொடக்கத்தில் இதைக் கேட்காமலே எடுத்த மாதிரிகளும் இருந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொன்னதும், எவை எவை என்று கொப்பியில் குறித்துக் கொடுத்ததும் நானும் என்னோடு வந்த தம்பியும்தான்.

கட்டுரை வந்தபோது ஆறு பெயர்கள். இருவரை நான் கண்டதே இல்லை. பிரிவுத் தலைவர் நிலாவெளிக்கு வந்தது ஹோட்டலில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும். எங்களுக்குக் கடைசியில் ஒரு வரி: 'கள உதவியாளர்களுக்கு நன்றி'. கேட்டதற்கு, "எழுதினவர்களின் பெயர்தான் போடலாம், விதி அப்படி" என்றார்கள்.

சரி, விதியையே பார்ப்போம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்தது அது. ஆய்வைத் திட்டமிடுவதில், தரவு சேர்ப்பதில் அல்லது அலசுவதில் கணிசமான பங்கு, வரைவை எழுதுவது அல்லது திருத்துவது, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது என நான்கும் வேண்டும். பணம் எடுத்துத் தந்ததோ மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. முதல் தகுதி உள்ளவருக்கு வரைவைப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, தகுதியில்லை என்று கழிக்கக் கூடாது. எங்களுக்கு நடந்தது அச்சொட்டாக அதுதான். வரைவு எங்கள் கண்ணிலேயே படவில்லை.

சும்மா பெயர் வாங்கியவருக்கும் இது நல்லதல்ல. 1994இல் பிரித்தானிய மகப்பேற்று ஆய்விதழ் ஒன்றில் மல்கம் பியர்ஸ் என்ற வைத்தியர், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை உள்ளே மாற்றிக் குழந்தை பிறந்ததாக எழுதினார். அப்படி ஒரு தாயே இருக்கவில்லை. பிரிவுத் தலைவர் ஜெஃப்ரி சேம்பர்லெய்னின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்தது. அந்த இதழின் ஆசிரியரும் அவர்தான், மகப்பேற்று வைத்தியர்களின் அரச கல்லூரித் தலைவரும் அவர்தான். இரண்டு பதவியையும் விட்டுப் போக நேர்ந்தது. எங்கள் கட்டுரையிலும் நாளைக்கு ஒருவர், அந்த மாதிரிகளை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டால், ஆறு பேரில் எத்தனை பேருக்குப் பிளேன்ரீ கதை தெரியும்?

ஆய்வு தொடங்கமுன் அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் கோப்பிலேயே யார் என்ன செய்வது, வரைவு யார் யாருக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். பிறகு சண்டை வராது.

என் பெயரைப் போட வேண்டாம். பெயரைப் பற்றிய கடிதத்துக்கே பெயர் இல்லாமல் போவது வேடிக்கைதான். ஆனால் மகள் இப்போது அதே பக்கம்தான் வேலை செய்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.