அந்திப் பொழுதைக் கவனித்தவர்களுக்கு நன்றி

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், முகாமுக்கு வகுப்பறை திறந்துவிட்ட ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மாருக்கும் கண் பரிசோதனைக் குழுவினரின் வணக்கம்.

மாலைக்கண் நோயைப் பகல் முகாமில் பிடிப்பது கடினம். நல்ல வெளிச்சத்தில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடும் பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் தடுக்கி விழும். அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

"ராத்திரியில கண்ணு தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுதே" என்றுதான் பதில் வரும். பொழுது சாய்ந்ததும் விளையாட்டை விட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறானா, தட்டில் சோற்றைத் தடவித் தேடுகிறானா என்று நீங்கள் மாற்றிக் கேட்டீர்கள். அப்படிக் கேட்டால்தான் தாய்க்கு நினைவு வரும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களில் உள்ள நிறமி வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகிறது. ஈரலில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் முதலில் அடிவாங்குவது இந்தப் பார்வைதான். அடுத்து வெள்ளை விழியில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, சோப்பு நுரை போல ஒரு திட்டு படியும். துடைத்தால் போய்விட்டு மறுபடி வரும். அதையும் பார்த்து அனுப்பினீர்கள்.

செவிலியர்களுக்குத் தனியாக ஒரு நன்றி, அளவுக் கரண்டிக்காக. வைட்டமின் ஏ மருந்தில் ஒரு மி.லி.க்கு 1 லட்சம் யூனிட் இருக்கிறது. 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 மி.லி., பிறகு ஒன்றரை வயது வாக்கில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி. குப்பியோடு வரும் கரண்டி தொலைந்து வீட்டுக் கரண்டியில் ஊற்றினால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பிள்ளை வாந்தி எடுக்கும், தலைவலியில் அழும். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவைத் தரவே கூடாது, வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக் கேடு. குப்பியைத் திறந்த தேதியை மேலே எழுதி, வெயில் படாமல் வைத்திருந்தீர்கள். சின்ன வேலைதான், ஆனால் வெளிச்சம் பட்டால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும்.

அறிகுறி வந்துவிட்ட பிள்ளைக்குக் கணக்கு வேறு. ஒரு வயதைத் தாண்டியிருந்தால் அன்றே 2 லட்சம் யூனிட், மறுநாள் அதே அளவு, இரண்டு வாரம் கழித்து மூன்றாவது முறையும் அதே அளவு. தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ சேர்ந்து, கருவிழி பளபளப்பு இழந்து மங்கினால் காத்திருக்கவே கூடாது. சில நாட்களுக்குள் கருவிழி கரைந்து பார்வை நிரந்தரமாகப் போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல் நேரே முன்னால் கொண்டுவந்தவர்களை எங்களால் மறக்க முடியாது.

மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாளில் இரவுப் பார்வை தேறவேண்டும். தேறாவிட்டால் குறை சத்தில் இல்லை, விழித்திரையில் இருக்கலாம். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவில் பக்கப் பார்வை மெல்லச் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். கதவு நிலையில் தோள் இடிக்கும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கூச்சம் பார்க்காமல் உறவுமுறையைச் சொன்ன பெற்றோருக்கு நன்றி. கூடப் பிறந்தவர்களையும் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவதால் அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும்.

மதியச் சோற்றில் முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கிச் சேர்த்த சமையல் பணியாளர்களுக்கும் எங்கள் நன்றி. எண்ணெய் இல்லாவிட்டால் கீரையின் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது.

அன்புடன்,
கண் பரிசோதனைக் குழுவினர்