ஃபைல் கெட்டுப்போகல, வரி முடியுற எடம்தான் தெரியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைல இருபது வருஷத்துக்கு மேல டிடிபி கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் பத்தி நெறைய வருது, ஆனா டெக்ஸ்ட் ஃபைல் ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொரு சிஸ்டத்துக்குப் போகும்போது என்ன ஆகுதுன்னு யாருமே எழுத மாட்டேங்கிறாங்க, அதனால ஜனங்க காசையும் ஒழைப்பையும் தொலைக்கிறத கண்ணால பாத்துட்டுதான் இத எழுதுறேன்.

போன மாசம் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பென்டிரைவோட வந்தாங்க. அவங்க அப்பா அவரு ஊர் கோயில் வரலாற 90கள்ல ஒரு பழைய மேக் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி டெக்ஸ்ட் ஃபைலா வச்சிருந்திருக்காரு. அத வீட்ல விண்டோஸ் 7 நோட்பேட்ல தொறந்தா பாரா கெடையாது, வரி கெடையாது, மொத்தமும் ஒரே வரியா வலது பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு. வேற ஒரு கடையில காட்டுனதுக்கு ஃபைல் கரப்ட் ஆயிருச்சு, பிரின்ட் அவுட் இருந்தா குடுங்க, புதுசா அடிச்சுத் தர்றோம்னு சொல்லி பாதி அடிச்சு காசும் வாங்கிட்டாங்க. அதுல திருப்பணிக்குக் குடுத்தவங்க பேரெல்லாம் தப்புத் தப்பா இருந்துச்சு, அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஃபைல்ல ஒரு எழுத்து கூட போகல சார்.

என் மாதிரி டைப்ரைட்டிங்ல லோயர் ஹையர் பாஸ் பண்ணவங்களுக்கு இது சட்டுனு புரியும். வரி முடிஞ்சதும் லீவரத் தள்ளுவோம்ல, பேப்பர் ஒரு வரி மேல ஏறும், கேரேஜ் மறுபடி வரி ஆரம்பத்துக்கு வந்துரும், ஒரே தள்ளுல ரெண்டு வேலை. கம்பி வழியா வர்ற சேதிய தானா அடிக்கிற டெலிபிரின்டர்ல அந்த ரெண்டுக்கும் தனித்தனி குறியீடு வச்சாங்க, ஆஸ்கி கணக்குல (எழுத்துக்கும் குறிக்கும் ஒவ்வொரு நம்பர் குடுக்குற முறை) ஆரம்பத்துக்குத் திரும்புறதுக்கு 13, அடுத்த வரிக்கு எறங்குறதுக்கு 10. கம்ப்யூட்டரும் ஃபைல்ல வரி முடியுற எடத்துல இந்த நம்பரத்தான் வைக்குது. விண்டோஸ், அதுக்கு முந்துன டாஸ் சிஸ்டம் காலத்துல இருந்தே, 13, 10 ரெண்டையும் சேத்துப் போடுது. யூனிக்ஸ், லினக்ஸ்ங்கிற சிஸ்டங்கள்ல வெறும் 10. பழைய மேக்ல வெறும் 13, அப்புறம் 2001ல மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தப்ப அவங்களும் யூனிக்ஸ் வழிக்கு வந்துட்டாங்க. விண்டோஸ் நோட்பேட் மத்த ரெண்டு வகையையும் ஒழுங்கா காட்ட ஆரம்பிச்சதே 2018ல, விண்டோஸ் 10ல தான். அதனாலதான் பழைய சிஸ்டத்துல இன்னைக்கும் ஒரே வரியா தெரியுது.

நான் செஞ்சது இவ்வளவுதான். மொதல்ல ஒரிஜினல தனியா காப்பி எடுத்து வச்சேன் (இத மட்டும் யாரும் விட்ராதீங்க), காப்பிய இலவசமா கெடைக்கிற நோட்பேட் பிளஸ் பிளஸ்ல தொறந்தேன், கீழ வலது ஓரத்துல மேக்னு காட்டுச்சு, எடிட் மெனுல ஈஓஎல் கன்வெர்ஷன் (வரி முடிவ மாத்துறது) போயி விண்டோஸ்னு மாத்துனேன். பாரா பாராவா பிரிஞ்சு நின்னுச்சு, ஒரு நிமிஷம் கூட ஆகல. எழுத்து பழைய ஃபான்ட்ல இருந்ததால இப்ப எல்லா சிஸ்டத்துலயும் புழங்குற யூனிகோடு எழுத்துக்கு மாத்த அரை நாள் ஆச்சு, அது வேற வேலை, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சு கொழப்பிக்கக் கூடாது.

லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு வரி முடிவ மாத்த டாஸ்2யூனிக்ஸ், மேக்2யூனிக்ஸ்னே கமாண்ட் இருக்கு. எம்பொண்ணு காலேஜ் புராஜெக்ட்டுக்கு விண்டோஸ்ல எழுதுன ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) லினக்ஸ்ல ஓடவே இல்ல, ஒவ்வொரு வரி கடைசிலயும் அந்த 13 ஒட்டிக்கிட்டு இருந்ததுதான் காரணம், ராத்திரி பூரா தப்பே இல்லாத கோட்ல தப்பத் தேடியிருக்கா. ஒண்ணு மட்டும், இந்த மாத்துற வேலையெல்லாம் டெக்ஸ்ட் ஃபைலுக்குத்தான், போட்டோவுலயோ ஜிப்புலயோ செஞ்சா அது நெசமாவே கெட்டுப்போயிரும்.

என்னை மாதிரி கடை வச்சிருக்க தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள், கீழ ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம ஃபைல் போச்சுன்னு சொல்லாதீங்கப்பா. அப்பா அம்மா எழுதி வச்சத நம்பிக் கொண்டு வர்றாங்க.

ஆசிரியர் அவர்கள் அந்த மெனு எங்க இருக்குன்னு படத்தோட ஒரு கால் பக்கம் போட்டீங்கன்னா, அத வெட்டி கடை சுவத்துல ஒட்டி வச்சிருவேன், வர்றவங்களுக்குக் காட்ட உதவும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர், மதுரை