ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்கு நுகர்வோருக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்மார்ட் மீட்டர் பற்றிய விவாதம் முழுக்க டெண்டர், விலை, ப்ரீபெய்டா இல்லையா என்பதையே சுற்றி வருகிறது. அந்த மீட்டரில் அரைமணிக்கு ஒருமுறை பதிவாகும் மின்பயன்பாட்டுக் கணக்கு எந்த வடிவில், யார் கைக்குப் போகும் என்று கேட்பவர் அரிது. மீட்டர் சோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பார்வையில், முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

மின்னணு மீட்டர்கள் வந்த புதிதில், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு தனி மென்பொருள் இருந்தது. அவர் கொடுத்தால்தான் உள்ளே பதிந்திருப்பதை முழுமையாகப் படிக்க முடியும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15959 அந்த நிலையை மாற்றியது. மீட்டரோடு தரவு பரிமாறுவதற்கான டி.எல்.எம்.எஸ். என்ற சர்வதேச நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட அதன்படி, 1.0.1.8.0.255 என்ற குறியீட்டைக் கேட்டால் எந்த நிறுவனத்தின் மீட்டரும் அதுவரை ஓடிய மொத்த யூனிட்டைச் சொல்லியாக வேண்டும். 2016-இல் வெளியான இரண்டாம் பகுதி ஸ்மார்ட் மீட்டருக்கும் இதை வகுத்துத் தந்தது. அதை உருவாக்கிய பொறியாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்த ஒழுங்கு மீட்டரோடு நின்றுவிடுமோ என்பதே என் கவலை. மீட்டரிலிருந்து புறப்படும் தரவு, டெண்டர் எடுத்த ஒப்பந்ததாரரின் மென்பொருள் வழியாகத்தான் மின்வாரியத்துக்குப் போய்ச் சேரும். அங்கும், மீட்டர் தரவை மென்பொருள்களுக்கிடையே பரிமாறுவதற்கான ஐ.இ.சி. 61968-9 போன்ற சர்வதேசப் பொதுத் தரத்தை டெண்டரிலேயே கட்டாயமாக்காவிட்டால், நாளை ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய கணக்கெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

நுகர்வோருக்கு என்ன கிடைக்கும்? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் செய்த திருத்தம், தினமும் ஒருமுறையாவது ஸ்மார்ட் மீட்டரைத் தொலைவிலிருந்து படித்து, அந்தத் தரவை நுகர்வோருடன் பகிரச் சொல்கிறது. செயலியில் ஒரு வரைபடத்தைக் காட்டிவிட்டு, பகிர்ந்தாயிற்று என்று சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது.

நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையே கூடிவிடுகிறது. கணக்கெடுக்கச் சில நாள் தாமதமாகி, வீட்டுக்காரர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால், யாரிடம் எதைக் காட்டி வாதிடுவார்? தேதி, நேரம், யூனிட் மூன்றும் வரிசையாக உள்ள கோப்பு கையில் இருந்தால், பள்ளி மாணவர்கூடக் கூட்டிப் பார்த்துவிடுவார்.

இது ஆகாத காரியமல்ல. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய 'கிரீன் பட்டன்' முறையில், மின்நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து தம் பயன்பாட்டுத் தரவை நுகர்வோர் ஒரே சீரான வடிவில் இறக்கிக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2023 நவம்பர் 1-க்குள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று மின், எரிவாயு விநியோக நிறுவனங்களுக்குச் சட்டபூர்வமாகவே கெடு விதித்தது.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தைக்கூட அரைமணிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நுகர்வோரின் ஒப்புதல் இல்லாமல் அது வேறு எவருக்கும் போகக் கூடாது.

தரவுக் கோப்பின் வடிவத்தையும் அதைத் தர வேண்டிய காலக்கெடுவையும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியாகவே எழுத வேண்டும். மீட்டர்கள் சுவரில் ஏறும் முன்பே அதற்கான வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்,
திருச்சி.