செம்பியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு நாய் செம்பி, காணாமற்போய் நான்கு இரவுகள் கழித்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள். அவளைத் தேடியும், காத்தும், எங்களிடம் சேர்ப்பித்தும் துணைநின்றவர்களுள் சிலரை நேரில் கண்டு கைகூப்பினேன். சிலரிடம் தொலைபேசியில் நன்றி சொன்னேன். ஒருவர் மட்டும் யாரென்றே இன்றுவரை தெரியவில்லை. அவரையும் எட்ட வேண்டும் என்பதற்காகவே இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன். நன்றி சொல்ல வந்தவன் தன் பிழையை மறைப்பது முறையன்று. செம்பி தொலைந்த இரவில் அவள் கழுத்தில் பட்டையும் இல்லை, அடையாளத் தகடும் இல்லை. இரண்டையும் கழற்றி வைத்தவன் நான்.

அன்று மாலை அவளைக் குளிப்பாட்டினேன். நனைந்த பட்டை உலரட்டும் என்று கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டினேன். உலர்ந்த பிறகும் எடுத்துப் போடவில்லை. வீட்டுக்குள் படுத்திருக்கும் நாய்க்குப் பட்டை எதற்கு, கழுத்து காற்றாட இருக்கட்டுமே என்பது என் நெடுநாள் எண்ணம். இரவில் பெரும் இடி ஒன்று இடித்தது. தாழிடாமல் சாத்தியிருந்த கதவை முட்டித் திறந்துகொண்டு அவள் இருளில் ஓடிவிட்டாள். மிரண்டோடும் நாய்க்கு வளர்த்தவர் குரலும் அச்சத்தையே தரக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்; நான் கூப்பிடக் கூப்பிட அவள் விலகியே ஓடினாள். நள்ளிரவில் நனைந்து திரும்பிக் கதவைச் சாத்தியபோது அந்தப் பட்டை கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. தகட்டில் என் தொலைபேசி எண் ஒரு கீறலுமின்றிப் புத்தம் புதிதாகப் பளபளத்தது. தேய்வதற்கு அதை அவள் கழுத்தில் எங்கே விட்டுவைத்தேன்?

முதலில் நன்றி சொல்ல வேண்டியது, எங்கள் தெருக்கோடியில் இரவுக் காவல் பணியில் இருக்கும் பெரியவருக்கு. செம்பி ஓடிய அரைமணி நேரத்துக்குள் அவரது காவற்கூண்டின் தாழ்வாரத்தில் அவள் வந்து ஒதுங்கியிருக்கிறாள். இனம் இன்னதென்று சொல்ல முடியாத செம்பழுப்பு நிறம், கழுத்தில் ஒன்றுமில்லை. தெருநாய் என்று எண்ணிய அவர், மழை விடும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவள் கிடைத்த பிறகு வீடு தேடி வந்து, “பட்டை இருந்திருந்தால் அப்போதே பிடித்துக் கட்டிவைத்து உங்களை அழைத்திருப்பேன், மன்னித்துவிடுங்கள்” என்றார். ஐயா, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். மழையில் ஒதுங்கிய உயிரை விரட்டாமல் விட்டீர்களே, அதுவே பேருதவி. தகட்டில் எண் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது நான்கு நாள் அலைச்சலாயிற்று என்பதை உங்கள் சொல்தான் எனக்கு உணர்த்தியது.

மூன்றாம் நாள் மாலை, எங்கள் வீட்டிலிருந்து வெகு தொலைவில், பள்ளி விட்டு வந்துகொண்டிருந்த சிறுமி ஒருத்தியின் கண்ணில் செம்பி பட்டாள். அந்தக் குழந்தையை நான் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். பலர் பார்த்துவிட்டுக் கடந்துபோன நாயை அவள் நின்று கவனித்திருக்கிறாள். செம்பியின் கழுத்தைச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் பட்டை போட்டுக் கழற்றிய இடத்தில், முடி படிந்து வளையம் போல ஒரு தடம் உண்டு. அவ்விடத்தில் நிறமும் சற்றே வெளிறியிருக்கும். “தாத்தா, இது யாரோ வளர்க்கிற நாய், கழுத்தில் பட்டை போட்ட அடையாளம் இருக்கிறது பாருங்கள்” என்று சொன்னாளாம். இல்லாத பட்டையின் தடத்தைப் படித்த அந்தக் கண்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்! அவளுடைய தாத்தாவும், பிடிக்கிறேன் என்று துரத்தக் கிளம்பிய இளைஞர்களை அன்போடு தடுத்திருக்கிறார். துரத்தினால் நாய் இன்னும் ஓடும், சாலையில் வண்டியில் அடிபடும் என்று எடுத்துச் சொல்லிவிட்டு, செம்பியை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்த பிறகு, அவளாகவே வந்து அவர் முழங்காலை முகர்ந்தாளாம்.

அங்கிருந்து அவளைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். பணியில் இருந்த செவிலியர் செய்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் போன்ற பலருக்கு இதில் தெளிவில்லை. செம்பிக்குக் குட்டியாக இருந்தபோதே மைக்ரோசிப் பொருத்தியிருந்தோம். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, அரிசி மணி போன்ற பொருள் அது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுசென்றால் மட்டுமே தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணைத் தெரிவிக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. உரிமையாளரின் பெயரோ முகவரியோ அதற்குள் இல்லை. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடி, அங்கே நாம் கொடுத்துவைத்த தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தால்தான் பயன். செவிலியர் முதல்முறை ஸ்கேனரை முதுகின் மேல் கொண்டுசென்றபோது எதுவும் தெரியவில்லை. சிப் இல்லை என்று எழுதிவைத்து அவர் அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சில நாய்களில் சிப் நாளடைவில் இடம் நகர்ந்துவிடும் என்பதை அறிந்தவராதலால், கழுத்திலிருந்து தோள்கள், முன்னங்கால்கள் வரை வளைத்து வளைத்து மெதுவாக மறுபடியும் தேடினார். இடது தோளின் கீழே எண் கிடைத்தது.

அந்த எண்ணுக்குரிய பதிவில் இருந்ததோ, நான் கைவிட்டு ஈராண்டு ஆன தொலைபேசி எண். வீடு மாறியபோது வங்கிக்கும் அலுவலகத்துக்கும் புது எண்ணைத் தெரிவித்த நான், செம்பியின் பதிவை மட்டும் மறந்துபோனேன். ஐக்கிய அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் நடந்து, 2009இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பற்றி மருத்துவர் என்னிடம் சொன்னார். அலைந்து திரிந்து காப்பகங்களுக்கு வந்த நாய்களுள் மொத்தத்தில் ஏறத்தாழ 22 விழுக்காடே வீடு திரும்பினவாம்; மைக்ரோசிப் உள்ள நாய்களிலோ ஏறத்தாழ 52 விழுக்காடு. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனதற்கு முதன்மையான காரணம், பதிவிலிருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்ததுதானாம். கேட்டபோது தலைகுனிந்து நின்றேன்.

ஆனாலும் என் தவறை ஓர் அயலாரின் நல்ல மனம் ஈடுசெய்தது. என் பழைய எண் இப்போது வேறோர் அம்மையாரிடம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது “தவறான எண்” என்று வைத்துவிட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. என்னைத் தேடி வந்த அழைப்புகளால் முதல் சில மாதங்கள் அவர் பெரிதும் தொல்லைப்பட்டிருக்கிறார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த எண் ஒன்றை அடையாளம் தெரிவதற்காகத் தம் தொலைபேசியில் “தவறாக அழைப்பவர்” என்றே சேமித்து வைத்திருந்தாராம். நாய் காத்திருக்கிறது என்று கேட்டதும், அந்த எண்ணைத் தேடியெடுத்துச் செவிலியருக்கு அனுப்பினார். அது என் அத்தையின் எண். அத்தை என்னை அழைத்தபோது நான்காம் நாள் இரவு கவிந்துவிட்டது. மறுநாள் விடியலில் செம்பி என் மடியில் இருந்தாள். அம்மா, முன்பின் அறியாத எனக்காக அந்தச் சில நிமிடங்களை ஒதுக்கினீர்கள். அதற்கு ஈடாக நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை; வணங்குகிறேன்.

செம்பி வந்த பின் நலம் விசாரித்தவர்களுள் பலர், இனி அவளுக்கு எந்நேரமும் பட்டை போட்டே வைத்திருப்பீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றுதான் முதலில் உறுதியாகச் சொன்னேன். அப்போது ஒருவர் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். அவருடைய இரண்டு நாய்கள் விளையாட்டாகக் கழுத்தைக் கவ்விப் புரண்டபோது, ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டைக்குள் மாட்டிக்கொண்டது. அவை மிரண்டு முறுக்கிக்கொள்ள, விடுவிப்பதற்குள் ஒன்று மூச்சுத்திணறி இறந்துபோனது. அந்தத் துயரத்தை ஏறக்குறைய முன்பின் தெரியாத ஒருவனுக்கு எழுதுவது எளிதல்ல. அக்கடிதத்தைப் படித்த பிறகே “எந்நேரமும்” என்ற சொல்லை நிறுத்தி யோசித்தேன். அவருக்கு என் ஆழ்ந்த அனுதாபமும் நன்றியும்.

இப்போது என் முடிவு இதுதான். மற்றொரு நாயோடு கட்டிப்புரண்டு விளையாடும்போதும், கம்பிக் கூண்டில் அடைக்கும்போதும், குளிப்பாட்டித் துவட்டும்போதும் பட்டையைக் கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும். ஆனால் அந்நேரங்களில் கதவு தாழிட்டிருக்க வேண்டும், நம் கண் நாயின் மேல் இருக்க வேண்டும். மற்ற வேளைகளில், வீட்டுக்குள்ளும், இரவிலும், பட்டையும் தகடும் கழுத்திலேயே இருக்கட்டும். வீட்டு நாய் தொலைவது நாம் திட்டமிட்டு வெளியே அழைத்துச் செல்லும்போது மட்டுமல்ல. கதவு திறந்திருந்த ஒரு நொடியிலும்தான். கழுத்து இறுக்கப்பட்டால் தானே விடுபடும் பட்டைகளும் உண்டு. மாட்டிக்கொள்ளும் என்று அஞ்சுவோர்க்கு அவை நல்ல வழி, ஆனால் இழுவைக் கயிற்றை அதற்கென உள்ள இரட்டை வளையங்களில் சேர்த்து மாட்டாவிட்டால் நடக்கும்போதே கழன்றுவிடும். மூச்சுக்குழாய்த் தொல்லை உள்ள நாய்களுக்குக் கயிற்றை மார்பு வாரில் மாட்டிவிட்டு, பட்டையைத் தகடு தாங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார்.

சிப் இருக்கும்போது தகடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், அதற்கு மருத்துவமனை திறந்திருக்க வேண்டும். தகட்டைப் படிக்க இரண்டு கண்கள் போதும். பட்டை கழன்று விழக்கூடும், சிப் விழாது. இரண்டும் வேண்டும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். அதற்குப் பிறகும், பொது இடத்தில் நாயின் பட்டையிலோ அதில் மாட்டிய தகட்டிலோ உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992ஆம் ஆண்டு ஆணையை அவர்கள் கைவிடவில்லை.

செம்பிக்கு இப்போது புதுப் பட்டை. தொங்கும் தகடு உணவுக் கிண்ணத்தில் மோதி ஒலித்து அவளை மிரட்டியதால், பட்டையோடு ஒட்டிப் படியும் துருப்பிடிக்காத எஃகுத் தகடாக வாங்கினேன். அவள் பெயரைப் பொறிக்கவில்லை. அந்த இடத்தில் இரண்டாவதாக அத்தையின் எண்ணைப் பொறித்தேன். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைகின்றனவா என்று வாரந்தோறும் பார்க்கிறேன். தோல் சிவந்திருக்கிறதா என்று முடியை விலக்கியும் பார்க்கிறேன். வளரும் குட்டி வைத்திருப்போர் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். தளர்த்த மறந்த பட்டை சதைக்குள் புதைந்துபோன குட்டிகளுக்குச் சிகிச்சை செய்திருப்பதாகச் செவிலியர் சொன்னபோது அவர் முகம் வாடியது. சிப்பின் பதிவையும் அன்றே திருத்திவிட்டேன்.

அந்த இரவுகளில் கைவிளக்கோடு என்னுடன் நடந்த அண்டை வீட்டாருக்கும், செம்பியின் படத்தை அச்சிட்டு ஒட்டிய நண்பர்களுக்கும் என் நன்றி உரியது.

கடைசியாக, பெயர் தெரியாத அந்த ஒருவருக்கு. சிறுமியும் அவளுடைய தாத்தாவும் செம்பியோடு வண்டிக்காகச் சாலையோரம் நின்றபோது மீண்டும் மழை பிடித்துக்கொண்டதாம். மிதிவண்டியில் வந்த நீங்கள் இறங்கி, உங்கள் தோளிலிருந்த நீலத் துண்டை எடுத்து நடுங்கிக்கொண்டிருந்த அவள்மேல் போர்த்திவிட்டு, பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். மருத்துவமனையிலிருந்து செம்பி அந்தத் துண்டில் சுற்றப்பட்டே எங்களிடம் வந்தாள். அதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஓர் ஓரத்தில் கறுப்பு நூலால் தைத்த சிறு கிழிசல் ஒன்று உண்டு. உங்கள் துண்டுதான் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தத் தாத்தாவிடம் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள், செம்பியையும் அழைத்துக்கொண்டு நானே வந்து தருகிறேன்.

நன்றியுடன்,
செம்பியின் வீட்டார்