மரம் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வறண்ட நிலங்கள் பாழாவதற்கு அங்குள்ள மக்களின் விழிப்புணர்வின்மையே காரணம் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டின் மராதி வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலனி ஆட்சியில் வந்த சட்டப்படி, உழவர் நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் அரசாங்கச் சொத்து. கிளையை ஒடித்தால் வனக்காவலர் அபராதம் போடுவார். அப்புறம் எவன் மரம் வளர்ப்பான்? துளிர் தலைகாட்டும்போதே வெட்டி எறிந்தார்கள். விவரம் தெரியாமல் அல்ல, நன்றாகத் தெரிந்துதான்.

நாற்று நடும் திட்டங்கள் வந்தன. நட்டதில் பெரும்பகுதி கருகியது. 1983இல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், மணலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், வெறும் புதர் என்று நினைத்திருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தார். அது வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை விட்ட துளிர். வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது. நல்ல தண்டு நாலைந்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கவாத்து செய்தால் போதும், நாற்றே வேண்டாம். முதலில் செய்தவர்களை ஊரார் கேலி செய்தார்கள். பஞ்சத்தில், மரத்தை விட்டுவைத்தால் தானியம் தருகிறார்களே என்று விட்டுவைத்தவர்களில் பலர், பஞ்சம் தீர்ந்ததும் வெட்டவும் செய்தார்கள். பிறகு அதிகாரிகள் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். வளர்த்தவனே விறகு வெட்டிக்கொள்ளலாம் என்றானதும், இருபது வருஷத்தில் சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்கு இந்த முறை பரவியது. அங்கே ‘காவோ’ என்றொரு மரம் உண்டு. மழைக்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும். கம்பு, சோளத்துக்கு நிழல் தட்டாது. அதன் அருமையை உழவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. வறண்ட நிலத்தை ‘தரிசு’ என்று எழுதியிருந்தீர்கள். புதர்களுக்கு நடுவே காலியாகத் தெரியும் மண்ணின் மேல் கறுத்த பொருக்கு ஒன்று படிந்திருக்கும். பாசியும் நுண்ணுயிர்களும் மணலைப் பிடித்துக் கட்டிய தோல் அது. ஒரு வண்டி ஏறி நொறுக்கினால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பசுமையாக்குகிறேன் என்று குழி தோண்டும் இயந்திரத்தோடு போகிறவர்கள் முதலில் மிதிப்பது இதைத்தான்.

உங்கள் தலையங்கத்தில் ஆடு மேய்ப்பவர் குற்றவாளியாக மட்டுமே வருகிறார். அவரிடம் ஒரு பேட்டி எடுத்துப் போடுங்களேன். மழை பொய்த்த வருஷம் மந்தையை எங்கே ஓட்டிப் போனார் என்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்