நோய் வராத மாடு

சாகர், சிவமொக்கா மாவட்டம்
ஜனவரி 18

அன்புள்ள வளர்மதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பகல் முழுக்கக் காட்டில் போய்விடுகிறது. ராத்திரி, அன்று பிடித்த உண்ணிகளை இனம் பிரித்துக் குப்பியில் போடவே நேரம் சரியாக இருக்கிறது. இன்றைக்கு எங்கள் ஜீப்பில் கிளட்ச் போய்விட்டது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஜெர்சி மாடு செத்ததை நினைத்து நீ இன்னும் மனசு ஆறாமல் இருக்கிறாய் என்று தெரிகிறது. நீ போய்ச் சேர்ந்தபோதே கண் சவ்வு வெளுத்து, தோளுக்கு முன்னால் நெறி எலுமிச்சை அளவுக்குக் கட்டியிருந்தது என்கிறாய். அந்த நிலையில் புபார்வாகுவோன் ஊசி போட்டும் பிழைக்காமல் போனது உன் குற்றமில்லை. உண்ணி கொண்டுவரும் தைலேரியா ஒட்டுண்ணி முதலில் நெறிக்குள் வெள்ளையணுக்களில் பெருகிவிட்டுத்தான் சிவப்பணுவுக்கு வருகிறது. காய்ச்சல் கண்டவுடன் கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருப்பாய். அதே கொட்டகையில் நின்ற நாட்டு மாட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதையும் அதே உண்ணிதானே கடித்தது என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைத்தான் நானும் ஒரு வருஷமாக வேறு ஒரு நோயை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிருந்து சொரப தாலுகா அதிக தூரமில்லை. 1957இல் அங்கே கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்று ஊர்களில் ஆட்களுக்குக் கடுங்காய்ச்சல், உடம்பு வலி, சிலருக்கு ரத்தக் கசிவு. புனேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்துக்காரர்களும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை விஞ்ஞானிகளும் வந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு இது உறவு என்று தெரிந்ததும், வலசைப் பறவைகள் கொண்டுவந்ததோ என்றுகூடத் தேடிப் பார்த்தார்கள். இங்குள்ள ஜனங்கள் அன்றும் இன்றும் சொல்கிற பெயர் ‘மங்கன காயிலெ’, குரங்கு நோய். நோய் வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் சாகிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்று இருந்தது. அது இரண்டு தவணைக்கு ஏறக்குறைய 62 சதவீதமும், பூஸ்டரும் போட்டால் 83 சதவீதமும்தான் பாதுகாத்தது. ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று பல பேர் அடுத்த தவணைக்கு வரவேயில்லை. இப்போது அதையும் நிறுத்திவிட்டார்கள்.

என் வேலை ரொம்ப எளிமையானது. வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டிச் சருகின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். பத்து அடிக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். இது இளம் உண்ணிகளின் காலம், மே வரை இருக்கும். கசகசா அளவுகூட இருக்காது. கடித்தது கூடத் தெரியாது, அதனால்தான் மனிதனுக்கு வைரஸைக் கொடுப்பது பெரும்பாலும் இவைதான். இந்த நோயைப் பரப்பும் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி, நம் மாட்டு உண்ணியைப் போல குஞ்சாக ஏறி ஒரே உடம்பில் வளர்ந்து முடிகிற ஜாதி இல்லை. குஞ்சாக எலியிலோ பறவையிலோ குரங்கிலோ ஒருமுறை குடித்துவிட்டு விழும். தோல் உரித்து அடுத்த உடம்பில் ஏறும். வளர்ந்த பிறகு மூன்றாவதாக ஒரு பெரிய மிருகம் தேடும். குரங்கு செத்தால் அதன் மேலிருந்த உண்ணிகள் அத்தனையும் அந்த இடத்திலேயே இறங்கிக் காத்திருக்கும். அதனால்தான் குரங்கு செத்த செய்தி வந்தவுடன் அந்த இடத்தைச் சுற்றி மருந்து தூவ ஓடுகிறார்கள்.

அந்த மூன்றாவது மிருகம் பெரும்பாலும் மாடுதான், வளர்மதி. மழைக்காலத்தில் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் மேல் ஏறி வயிறு முட்டக் குடித்து, கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. மாட்டுக்கு இந்த வைரஸால் காய்ச்சல் வராது, பால் குறையாது, தீவனம் நிற்காது. அது வைரஸைப் பெருக்குவதும் இல்லை, உண்ணியைத்தான் பெருக்குகிறது. காட்டை வெட்டி ஊரும் வயலும் வந்து, அந்த ஓரங்களில் உண்ணிச்செடிப் புதர் மண்டி, அதற்குள் மாடு மேயத் தொடங்கியதோடு இந்த நோயைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1969லேயே போஷெல் என்ற விஞ்ஞானி எழுதினார். (அந்தப் புதருக்கு நம் ஊரில் உண்ணிச்செடி என்றே பெயர் வைத்திருப்பதை இங்கே நின்றபோதுதான் யோசித்தேன்.)

நாம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தது முழுக்க நோய் வந்த மாட்டைப் பற்றி. கண் சவ்வைப் பார், நெறியைத் தொட்டுப் பார், காப்பிக் கலரில் மூத்திரம் போனால் பபீசியா என்று நினை. நன்றாக நிற்கிற மாட்டின் காதைத் திருப்பிப் பார்க்க யாரும் நம்மைப் பழக்கவில்லை. இத்தனைக்கும் உண்ணி நோய்களைப் பற்றிய படிப்பின் முதல் பாடமே அதுதான். அமெரிக்காவில் டெக்ஸாஸிலிருந்து வடக்கே ஓட்டிப்போன மாடுகள் தெம்பாக நடந்தன, அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் செத்தன. ஒன்றும் ஆகாத மாட்டின் உடம்பில் இருந்த உண்ணிதான் காரணம் என்று 1893இல் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்தார்கள். உண்ணி போன்ற கணுக்காலி ஒன்று ஒட்டுண்ணியைப் பரப்புகிறது என்று கால்நடைகளில் காட்டிய முதல் வேலை அது.

போன வாரம் ஒரு பாக்குத் தோட்டக்கார வீட்டில் ஒரு பாட்டி, வீட்டின் பின்னால் ஆளுயரச் சருகுக் குவியலைக் காட்டினார். காட்டில் கூட்டி வாரி வந்து மாட்டுக்கு அடியில் பரப்பி, பிறகு அதையே எருவாகத் தோட்டத்துக்குப் போடுகிறார்கள். அவர் மருமகன் இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் காய்ச்சலில் பிழைத்து வந்தவர். சருகு வாராதீர்கள் என்று யாரோ வந்து சொன்னார்களாம். “வாராவிட்டால் தோட்டத்துக்கு எதைப் போடுவது?” என்று பாட்டி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இதைப் பூசாமல் காட்டுக்குப் போகாதீர்கள் என்று உண்ணி விரட்டும் எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம், மாட்டைக் காட்டுக்குள் விடாதே என்பதும் அதே மாதிரிப் பேச்சுதான். 2022இல் தமிழ்நாட்டில் காட்டு மேய்ச்சலுக்குத் தடை வந்தபோது பர்கூர் மலையில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்கள் பட்ட கவலையை நீதான் எனக்கு எழுதினாய். நான் அந்தத் தடையை ஆதரிக்க மாட்டேன். ஆனால் மாடு சும்மா போய் வருகிறது என்றும் இனி சொல்ல மாட்டேன். 2012இல் பந்திப்பூர் பக்கம் இந்த நோய் வந்தது, பிறகு வயநாட்டிலும் நீலகிரியிலும் கண்டார்கள். பர்கூர் மலை எத்தனை தூரம்?

அதனால் ஒரு உதவி. பர்கூர் பட்டிகளுக்குப் போகும்போது, நன்றாக இருக்கிற மாடுகளிலிருந்து உண்ணி எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வை. கையுறை போட்டுக்கொள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடு, பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தேதி, பட்டி, மாட்டின் வயசு போதும். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மார்ச்சில் ஊருக்கு வருவேன், அப்போது குப்பிகளை வாங்கிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால், அந்தக் கொட்டகைக்கு இன்னொரு முறை போ. நாட்டு மாட்டின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் ஸ்மியர் போட்டு நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார். என்ன தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
தமிழரசி